பிடிக்க ஆள் வேண்டாத ஏணி

மார்ச் 4, திங்கள்

பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அதனால் நோட்டைத் திறந்தாயிற்று.

இன்று மாதத்தின் முதல் திங்கள், பெரியவரோடு இருபது நிமிடம். அவர்தான் கம்பெனியை ஆரம்பித்த முதலாளி. நாங்கள் செய்வது வீட்டு ஏணி, மடக்கு ஏணி, அலமாரிக்கு எட்டும் படி ஸ்டூல். மாதம் ஒரு முறை அவர் பேசுவார், நான் கேட்பேன். பிறகு அவரே உட்கார்ந்து எழுதியது போல "முதலாளியின் மேசையிலிருந்து" என்று கம்பெனி வலைப்பதிவில் எழுதுவேன். ஆறு வருடமாக இப்படித்தான். அவர் பேசுவதில் முக்கால்வாசி முழங்கால் வலி. மிச்சத்தை நான் ஊதிப் பெரிதாக்குவேன். "ஐயா, உங்கள் எழுத்தைப் படித்தால் என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது" என்று எழுதுகிறார்கள் ஜனங்கள். ஐயா ஒரு வரி படித்ததில்லை. கண்ணில் புரை, கம்ப்யூட்டர் என்றாலே எரிச்சல்.

இன்றைக்கும் அதே கதை. முதல் ஏணியைச் செய்து, தானே உச்சிப்படியில் ஏறி நின்று, கீழே பிடித்துக்கொண்டிருந்த மனைவியை "விட்டுட்டுப் போய் உன் வேலையைப் பாரு" என்று அனுப்பிய கதை. அன்றைக்கே பட்டறைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதினாராம்: பிடிக்க ஆள் வேண்டாத ஏணி. அதுதான் கம்பெனியின் முதல் விளம்பரம். எட்டாவது தடவையாகக் கேட்கிறேன். புதிதாகக் கேட்பது போலத் தலையாட்டினேன். அதற்கும் சேர்த்துத்தானே சம்பளம்.

மற்ற நாளெல்லாம் கம்பெனிப் பக்கத்தில் வரும் கருத்துகளுக்குப் பதில் போடுவது. பதில்களுக்கு எண் உண்டு. ஒன்று என்றால் பாராட்டுக்கு நன்றி. இரண்டு, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். மூன்று, உரிய பிரிவுக்குத் தெரிவித்துவிட்டோம். நாலு, விவரங்களைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அதாவது ஊர் பார்க்க இங்கே அழாதே, உள்ளே வா. ஐந்து என்று தனியாக எதுவும் இல்லை. ஐந்து என்றால் பதிலே போடாதே.

இந்த எண்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. நேற்று சாப்பாட்டில் உப்பில்லை என்றார் வீட்டுக்காரர். நான் வாயைத் திறக்கும் முன்பே மகள், "அப்பா, உங்களுக்கு ரெண்டு" என்றாள்.

மார்ச் 6, புதன்

மதியம் ஒரு கருத்து. "ஏணியில் ஏறுமுன் ஐந்து கவனங்கள்" என்ற பதிவின் கீழே. அது ஜனவரியில் மேனேஜர் கேட்டு, பெரியவர் பெயரில் நான் எழுதியது. (மேனேஜரை நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஹேஷ்டேக் என்போம். எதற்கும் நாலு ஹேஷ்டேக் போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. என்னைவிடப் பத்து வயது சின்னவர்.)

கருத்து எழுதியவரின் படத்தில் முகம் இல்லை, ஒரு நீலக்கோப்பை மட்டும். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"ஐயா, உங்கள் ஏணியில் ஏறித் திரைச்சீலைக் கம்பி மாட்டும்போது என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு உடைந்து ஐந்து வாரமாகப் படுக்கையில் இருக்கிறார். நான்தான் கீழே பிடித்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கியது. கையை விட்டுவிட்டு ஓடினேன். திரும்புவதற்குள் சத்தம் கேட்டது. உங்கள் ஐந்தாவது கவனத்தை நேற்றுத்தான் படித்தேன். நான் கையை விட்டதால்தான் விழுந்தாரா? நீங்கள் ஏணி செய்கிறவர், உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லுங்கள்."

ஐந்தாவது கவனம் இது: "ஏணியைப் பிடித்திருப்பவர் எக்காரணம் கொண்டும் கையை எடுக்கக் கூடாது. உங்கள் கையில் இருப்பது ஓர் உயிர்." முதல் வாக்கியம் மேனேஜர் சொன்னது. இரண்டாவது என் சொந்தச் சரக்கு. எழுதிய அன்று நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு பூரிப்பு.

இந்தப் பெண் திட்டவில்லை, எதையும் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

ஹேஷ்டேக் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "நாலு போடுங்க மேடம், சீக்கிரம்."

போட்டேன்.

மார்ச் 7, வியாழன்

நீலக்கோப்பை தனிச்செய்தியில் வந்துவிட்டாள். ஏணி வாங்கிய விவரம் கேட்டேன், அனுப்பினாள். கூடவே மறுபடி அதே கேள்வி.

மார்ச் 8, வெள்ளி

காலையில் பதில் எழுதினேன். எண் போட்ட பதில் எதையும் போடக் கை வரவில்லை. பெரியவர் என்ன சொல்லுவார் என்று யோசித்து, அவர் குரலிலேயே எழுதினேன்:

"அம்மா, பால் பொங்கினால் யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள். என் ஏணிக்குப் பிடிக்க ஆள் வேண்டாம். நாற்பது வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். நீங்கள் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்."

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "ஐயா, நீங்களே எழுதினீர்களா? மாமியார் என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். ஐந்து வாரத்தில் இன்றைக்குத்தான் அழுதேன்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஹேஷ்டேக் பார்த்துவிட்டு, சளியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் 11, திங்கள்

மூன்று நாளாக நானும் நீலக்கோப்பையும் பேசிக்கொண்டே இருக்கிறோம். நானும் என்றால் — பெரியவர் பெயரில். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் வேலையாம். மதிய இடைவேளையில் எழுதுகிறாள். வீட்டுக்காரருக்குத் தலை வாரிவிட்டது, அவர் முதல் தடவையாகச் சிரித்தது. "ஐயா சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் அம்மா என்கிறேன். பொய் இல்லை, நான் சாப்பிட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பிடிக்க ஆள் வேண்டாத ஏணி என்றால் அந்த மனிதர் ஏன் விழுந்தார்?

மார்ச் 14, வியாழன்

பழுது பார்க்கும் பிரிவுக்குப் போனேன். அங்கே மூத்தவர் ஒருவர், எல்லோருக்கும் ஸ்பேனர் அண்ணன். பேச்சு வாக்கில் கேட்பது போலத்தான் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். மடக்கு ஏணியை விரித்தால் நடுக்கீலில் ஓர் உலோகப் பின் போய் உட்காரும். அதுதான் பூட்டு. விரல் பருமன் இருக்கும். டப்பாவில் அப்படிப்பட்ட பின் பதினொன்று, எல்லாம் இரண்டாக உடைந்தவை.

"போன வருஷம் பின் வாங்கற இடத்தை மாத்தினாங்கம்மா. பச்சை ஸ்டிக்கர் ஒட்டின ஏணி எல்லாத்துலயும் இதுதான். நவம்பர்லேர்ந்து மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"உங்க மேனேஜர்கிட்டதான். ஆய்வுல இருக்குன்னாரு. ஜனவரியில திடீர்னு ஜனங்களுக்கு அஞ்சு புத்திமதி வந்துச்சு. ரொம்ப நல்லாத்தான் எழுதியிருந்தே."

அவர் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே பாராட்டினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நவம்பரில் புகார், ஜனவரியில் ஐந்தாவது கவனம். திடீரென்று எதற்கு இது என்று ஹேஷ்டேக்கிடம் அன்றைக்கே கேட்க எனக்குத் தோன்றவே இல்லையா? சுவரில் எழுதிய கதையை எட்டுத் தடவை கேட்டவளாச்சே. கையை எடுக்காதே என்று எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லையா? வரவில்லை. வாக்கியம் அழகாக வருகிறதா என்றுதான் பார்த்தேன். வேற எதையும் பார்க்கல.

மார்ச் 15, வெள்ளி

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் வீட்டுக்காரர் மின்விசிறி துடைக்கத் தயாராக நிற்கிறார். நம் கம்பெனி ஏணி, ஊழியர் சலுகையில் வாங்கியது. ஒரு கால் முதல் படியில். பச்சை ஸ்டிக்கர். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"ஏன் இப்படிக் கத்தறே? நீதான் பிடிச்சுக்கோயேன்" என்றார்.

பிடித்தால் தீருகிற விஷயமா இது? ஏணியை மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். விசிறி அழுக்காகவே சுற்றட்டும்.

மார்ச் 18, திங்கள்

ஹேஷ்டேக்கிடம் நேராகவே கேட்டேன். அவர் முகம் செத்துப்போனது. "ஆய்வுல இருக்கு மேடம். நீங்க எழுதற வேலையை மட்டும் பாருங்க, ப்ளீஸ்." அந்த ப்ளீஸில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது.

மதியம் நீலக்கோப்பைக்கு எழுதினேன். நடுக்கீலில் ஒரு பின் இருக்கும், அது முழுசாக இருக்கிறதா பாருங்கள் என்று. வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு துண்டு.

"அம்மா, உங்கள் கை காரணம் இல்லை. பின் உடைந்ததால் விழுந்தார். அது எங்கள் தப்பு." இப்படி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

காலை பத்து மணிக்கு ஹேஷ்டேக் ஓடி வந்தார். நீலக்கோப்பை அந்தச் செய்தியைப் படம் பிடித்துத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறாள். மேலே ஒரு வரி: "ஏணி கம்பெனி முதலாளியே எனக்கு எழுதினார். நான் காரணம் இல்லையாம். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்."

நன்றி சொல்லத்தான் போட்டிருக்கிறாள். மாமியார் படிக்கட்டும் என்றும் இருக்கலாம். மதியத்துக்குள் அதை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் முழுக்கப் பின் படங்கள். என் பின்னும் உடைந்தது, என் மாமாவுக்குக் கை போச்சு, பச்சை ஸ்டிக்கர் என்றால் என்ன?

எல்லாம் தெரிந்தே துணிந்து அனுப்பினேன் என்று இங்கே எழுதிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. தனிச்செய்தி தனியாகவே இருக்கும் என்று நம்பினேன். பதினைந்து வருடமாக இதே தொழில். என்னை என்ன சொல்ல.

மார்ச் 20, புதன்

பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். என் மேசையில் எனக்கு வேலை இல்லை. பென்சில் சீவினேன்.

ஹேஷ்டேக் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எதிரே வந்து உட்கார்ந்தார். "நீங்க ஆறுதல்தான் சொன்னீங்க, எனக்குப் புரியுது. ஆனா அது கம்பெனி வாக்குமூலமா ஆயிடுச்சு மேடம்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அடுத்த மாசம் குழந்தை பொறக்கப் போகுது" என்றார்.

கம்பெனி வக்கீலம்மா ஓர் அறிக்கை தயார் செய்திருக்கிறார். அதை என்னிடமே காட்டினார்கள். "முதலாளியின் பெயரில் வெளியான செய்தி அவர் எழுதியதல்ல. ஊழியர் ஒருவர் அனுமதியின்றி, உண்மை அறியாமல் அனுப்பியது." வெள்ளிக்கிழமை பெரியவர் சம்மதித்தால் வெளியே போகும்.

என் வேலை போய்விடும். சரி, அது போனால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டே, சீவிய பென்சிலால் மாதச் செலவைக் கூட்டினேன். ஆனால் அதைவிட இன்னொன்று. உண்மை அறியாமல் — அந்த இரண்டு சொல். அதைப் படித்த நிமிடமே நீலக்கோப்பை மறுபடி அந்தப் பாலுக்கும் ஏணிக்கும் நடுவில் போய் நின்றுவிடுவாள். யாரோ ஒரு சம்பளக்காரி சும்மா சொன்னது, நான் கையை விட்டதுதான் நிஜம் என்று நினைப்பாள். ஆயுசுக்கும் நினைப்பாள்.

மார்ச் 21, வியாழன்

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வழிமுறையில் ஒவ்வொரு வரியாகத் தப்பு தேடினார். "பேரு தப்பு. விடை சரி. அரை மார்க் குறைப்பேன், பூஜ்யம் போட மாட்டேன்."

என் தொலைபேசியில் நான் படம் எடுத்து வைத்திருந்த அந்தச் செய்திகளை மகள் முழுக்கப் படித்தாள். "நல்லாத்தான் பேசியிருக்கேம்மா." தொலைபேசியைத் திருப்பித் தந்தபடியே, "எங்கிட்ட நீ இப்படிப் பேசினதே இல்ல" என்றாள்.

சாப்பாட்டு மேசையிலிருந்து மூன்று தட்டையும் எடுத்து அடுக்கினேன். பேச எனக்கு எப்போதும் யாருடைய குரலாவது வேண்டியிருக்கிறதா?

மார்ச் 22, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

பெரியவர் அறை. மூலையில் அவருடைய அந்த முதல் ஏணி. வக்கீலம்மா, ஹேஷ்டேக், நான். வக்கீலம்மா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி அறிக்கையை நீட்டினார். பெரியவர் அதை வாங்கவே இல்லை.

"எல்லாரும் சுருக்கிச் சுருக்கிச் சொல்றீங்க. அந்தம்மா என்ன எழுதினாங்க? நீ படி" என்று என்னைப் பார்த்தார்.

படித்தேன். திரைச்சீலைக் கம்பி, பால், சத்தம். "உங்கள் ஐந்தாவது கவனத்தை நேற்றுத்தான் படித்தேன்" என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"நில்லு. அது என்ன அஞ்சாவது கவனம்?"

சொன்னேன். பிடித்திருப்பவர் கையை எடுக்கக் கூடாது.

"அப்படின்னு யார் சொன்னது?"

"நீங்க சார்."

"நானா?"

"உங்க பேர்ல… நான் சார்."

அவர் முகம் சிவந்த விதத்தைப் பார்த்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. "சுவத்துல நான் என்ன எழுதினேன்? சொல்லு."

"பிடிக்க ஆள் வேண்டாத ஏணி."

"மாசாமாசம் உக்காத்தி வச்சு உனக்குத்தானே சொன்னேன்? காதுல வாங்கினியா, இல்ல முழங்கால் வலியை மட்டும் எழுதிக்கிட்டுப் போனியா?" அவர் நிறுத்தியபாடில்லை. "என் ஏணிக்குப் பிடிக்க ஆள் வேணுமா? நாற்பது வருஷத்துல ஒருத்தன் இப்படிச் சொன்னதில்ல. என் வாயாலயே சொல்ல வச்சுட்டியே!"

பச்சை ஸ்டிக்கர் ஏணி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். ஸ்பேனர் அண்ணன் கொண்டுவந்து பின்னைக் கழற்றி மேசையில் வைத்தார். பெரியவர் அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தெரியவில்லை போலும், விரலால் தடவினார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். காகிதம் பறக்காமல் வைத்திருக்கும் இரும்புக் குண்டால் ஒரு தட்டு. இரண்டாவது தட்டில் பிஸ்கட் மாதிரி உடைந்தது.

பிறகு ஹேஷ்டேக்கிடம், "எப்போலேர்ந்து தெரியும்?" என்றார், சத்தமே இல்லாமல்.

"நவம்பர், சார்." ஹேஷ்டேக் உடைந்த துண்டுகளையே பார்த்தார். "மேல சொன்னா யூனிட்டையே மூடிடுவாங்கன்னு பயந்துட்டேன். அஞ்சாவது பாயின்ட் எழுதச் சொன்னது நான்தான். மேடத்துக்குக் காரணம் தெரியாது."

அந்த நிமிடத்தில் அவர் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போகச் சொன்னால் அவருக்கும் வீட்டில் ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது.

வக்கீலம்மா தொண்டையைச் செருமினார். "சார், இப்போ ஒத்துக்கிட்டோம்னா—"

"உடைஞ்சு மேசை மேல கெடக்குதும்மா. இதுக்கு மேல நான் என்னத்தை ஒத்துக்கறது?"

பச்சை ஸ்டிக்கர் ஏணி எல்லாவற்றுக்கும் பின் மாற்றித் தருவது என்று முடிவாகியது. அறிக்கை கிழிந்தது. எல்லோரும் எழுந்தோம். என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

"நீ என் வாயால பேசினே. அது தப்பு."

"ஆமா சார்."

"நான் பேசியிருந்தா அந்தம்மாகிட்ட இவ்வளவு பதமா பேசியிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். ஆனாலும் தப்பு." கொஞ்ச நேரம் பின்னின் துண்டை உருட்டிக்கொண்டிருந்தார். "இனிமே என் பேர்ல எழுதாதே. நான் சொல்றேன், அப்படியே டைப் பண்ணு. அழகு பண்ணாதே."

மார்ச் 25, திங்கள்

அவர் சொன்னது, புதுக் கடவுச்சொல் வாங்கி, நான் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இன்று பக்கத்தில் போட்டது:

"இதுவரை இங்கே வந்தது நான் எழுதியது இல்லை. எனக்கு எழுத வராது. ஊழியர் ஒருத்தர் எழுதினார். அந்த அம்மாவுக்கு எழுதியதும் அவர்தான். ஆனால் அதில் சொன்னது நிஜம். எங்கள் பின் உடைந்தது. அதனால் விழுந்தார்கள். கையை விட்டதால் யாரும் விழவில்லை. ஐந்தாவது கவனத்தை அழித்தாகிவிட்டது. பச்சை ஸ்டிக்கர் ஏணியில் ஏறாதீர்கள். ஆள் அனுப்புகிறேன். முழங்கால் வலி."

முழங்கால் வலி என்றது என்னிடம் சொன்னது. சொன்னதை அப்படியே போடச் சொன்னாரே என்று போட்டுவிட்டேன். அதற்குத்தான் அதிகம் பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 26, செவ்வாய்

நீலக்கோப்பையிடமிருந்து ஒரு வரி.

"அப்படியென்றால் நான் இத்தனை நாளும் யாரிடம் அழுதேன்?"

நாள் முழுக்க எழுதி எழுதி அழித்தேன். பெரியவர் குரல் இல்லாமல் எழுத உட்கார்ந்தால் கை வழுக்குகிறது. கடைசியில் அனுப்பியது:

"என்கிட்ட. எனக்கு நாற்பத்து நாலு வயசு. கம்பெனி பக்கத்துக்குப் பதில் போடற வேலை. கையை எடுக்கக் கூடாது, உங்கள் கையில் இருப்பது ஓர் உயிர்னு எழுதினதும் நான்தான். உங்களை அழ வச்சதும் நான், அழாதீங்கன்னு சொன்னதும் நான். பின் உடைஞ்சதை என் கண்ணால பார்த்தேன், அது மட்டும் யார் சொன்னாலும் நிஜம். மன்னிச்சிடுங்க."

படித்துவிட்டாள். பதில் இல்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஐந்து. அவள் எனக்கு ஐந்து போட்டிருக்கிறாள். நியாயம்தான்.

ஏப்ரல் 13, சனி

எனக்கு வேலை போகவில்லை. பின் மாற்றும் வேலைக்குத் தொலைபேசி எடுக்கிறேன். ஒரு நாளைக்கு எழுபது அழைப்பு. எண் போட்ட பதில் எதுவும் தொலைபேசியில் செல்லாது, இரண்டு என்று ஆரம்பித்தாலே "அதை விடுங்க, எப்ப வருவீங்க?" என்கிறார்கள். ஹேஷ்டேக்கைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஏணிகளிலிருந்து தானே பச்சை ஸ்டிக்கரைக் கிழிக்கிறார். பெண் குழந்தையாம். படம் காட்டினார், மூக்கு அப்படியே அவர்தான்.

நேற்று ஸ்பேனர் அண்ணன் நீலக்கோப்பை வீட்டுக்குப் போய்ப் பின் மாற்றிவிட்டு வந்தார். முதலில் கதவைத் திறக்கவே இல்லையாம். பிறகு உள்ளே விட்டு, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாளாம். வீட்டுக்காரர் கோலை ஊன்றி நடக்கிறார். மாமியார் அண்ணனிடமிருந்து உடைந்த துண்டை வாங்கி, ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாராம்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"எப்படி இருப்பாங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"கண்ணாடி போட்டிருப்பாங்க, கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசுவாங்கன்னேன்."

மே 9, வியாழன்

எங்கள் வீட்டு ஏணிக்கும் புதுப் பின். விசிறி துடைத்தாயிற்று. மகள் மேலே, நான் கீழே. "அம்மா, விடேன் பாக்கலாம்" என்றாள். விட முடியவில்லை. பின் சரியாக உட்கார்ந்திருக்கிறது, தெரியும், நானே தடவிப் பார்த்தேன். இருந்தும் விரல் வரவில்லை.

கீழே இறங்கியதும் அவளிடம் சொன்னேன், யார் குரலும் இல்லாமல், எனக்கு வந்தபடி. ஒரு வார்த்தை எழுதினால் அது யார் வீட்டில் போய் நிற்கும் என்று இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது என்று. அவள் கைத் தூசியை என் முகத்தில் அப்பிவிட்டு ஓடினாள்.

ஜூன் 1, சனி

காலையில் பேருந்தில் தொலைபேசியைத் திறந்தால் நீலக்கோப்பை. இரண்டு மாதத்துக்குப் பிறகு.

"அக்கா, நேத்துத் திரைச்சீலைக் கம்பியை மாட்டிட்டோம். இத்தனை நாளும் அந்த ஜன்னல் சும்மாத்தான் கெடந்துச்சு. நான்தான் ஏறினேன். அவர் ஒரு கையில கோலு, ஒரு கையில ஏணி. ஏறறதுக்கு முன்னாடி வேணும்னே அடுப்புல பால் வச்சேன். உச்சிப்படியில நிக்கும்போது பொங்கிச்சு. போய் அணைங்கன்னேன். உன்னை விட்டுட்டு எப்படிப் போறதுன்னார். போங்கன்னேன். கோலை ஊன்றி ஊன்றி மெதுவாப் போனார். அவர் திரும்பி வர்ற வரைக்கும் நான் மேலேயே நின்னுட்டிருந்தேன் அக்கா."

படித்ததையே திரும்பப் படித்ததில் இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் இறங்கித் திரும்பி நடந்தேன். வேலைக்குப் போக அரை மணி தாமதம்.